செக்கிங் டேபிளில் வியர்க்கிற அக்காவுக்குக் கம்பெனி என்ன செய்யலாம்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஹெச்.ஆராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். கம்பெனியில் 300 பேர், அதில் 180 பேர் பெண்கள், பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். பதினொரு வருடமாகச் செக்கிங்கில் (தைத்த துணியில் குறை பார்க்கிற இடம்) இருந்த ஒரு அக்கா போன மாதம் சூப்பர்வைசரோடு சண்டை போட்டு அழுதுகொண்டே போனவர், திரும்பி வரவில்லை. மெனோபாஸ், அதாவது மாதவிலக்கு நிற்கிற பருவத்துத் தொந்தரவு என்று மற்றவர்கள் பிறகுதான் சொன்னார்களாம். "இவர்களுக்குக் கம்பெனி என்ன செய்ய முடியும்? தனி லீவு கொடுத்தால் போதுமா? டாக்டரைக் கூப்பிட்டு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போடலாமா?" என்பது கேள்வி.

தம்பி, கூட்டத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். லீவை நடுவில் வையுங்கள். முதலில் போய்ப் பெண்கள் கழிவறையைப் பாருங்கள். நான் பனியன் கம்பெனிகளில் 22 வருடம் நல அலுவலராக இருந்தவள். அதில் கடைசி ஆறு வருடம் எனக்கே வியர்த்துக்கொண்டிருந்தது. நம் ஊர் அக்காக்கள் யாரும் உங்கள் அறைக் கதவைத் தட்டி, "சார், எனக்குத் தூரம் நிக்கப்போகுது, உடம்பு முடியலீங்க" என்று சொல்லப்போவதில்லை. வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும் என்று வைக்கிற சலுகை எதுவாக இருந்தாலும் அது ஃபைலிலேயே தூங்கும். கேட்காமலே எல்லாருக்கும் கிடைக்கிற மாதிரி எதைச் செய்கிறீர்களோ, அது மட்டும்தான் அவர்களிடம் போய்ச் சேரும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கில்தான்.

உடம்பில் என்ன நடக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மாதவிலக்கு தொடர்ந்து 12 மாதம் வராமல் போனால் நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டில் இது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது; மேல்நாட்டில் 51. ஆனால் பாடு தொடங்குவது அதற்கும் சில வருடம் முன்பே. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது, மூன்றாவது மாதம் கொட்டித் தீர்க்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்குவதால் மூளையில் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்கிற இடம் கொஞ்சம் தடுமாறுகிறது. சாதாரணமாக உடம்பு கண்டுகொள்ளாத சின்னச் சூடுகூட அதற்குப் பெரிய சூடாகத் தெரிகிறது. உடனே தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி, வியர்வையைத் திறந்துவிடுகிறது. மார்பிலிருந்து கழுத்து, முகம் என்று தீப்போல ஏறி, சில நிமிடத்தில் இறங்கி, பின்னாலேயே சில்லென்று ஒரு நடுக்கம். அமெரிக்காவில் பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு, இது அடிக்கடி வருகிறவர்களுக்குச் சராசரியாக 7 வருடத்துக்கு மேல் நீடிப்பதாக 2015இல் சொன்னது. "ரெண்டு மாசத்துல சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே சமயம் எல்லாருக்கும் இப்படி வருவதில்லை. ஒன்றும் தெரியாமலே கடந்துபோகிறவர்களும் உண்டு. நான் பார்த்த வரையில் நம் அக்காக்கள் முதலில் சொல்வது மூட்டு வலியும் அசதியும். சூட்டைப் பற்றிக் கேட்டால்தான் சொல்வார்கள்.

இப்போது செக்கிங் டேபிளுக்கு வாருங்கள். நான் வேலை பார்த்த இடமொன்றில் 47 வயது அக்கா ஒருவர். மார்கழி மாதம், வெளியே பனி. தலைக்கு மேலே டியூப் லைட், முன்னால் வெள்ளை டி-ஷர்ட் அடுக்கு. அவருக்கு மட்டும் நெற்றியிலிருந்து வியர்வை வழிகிறது. மேலே ஃபேன் இருக்கிறது, ஆனால் சன்னத் துணி பறக்கிறது என்று அந்த வரிசையில் அதை நிறுத்தி வைத்திருப்பார்கள். கழுத்தில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு சுற்றியிருப்பார்; அதை எடுத்துத் துடைப்பதற்குள் ஒரு சொட்டு வெள்ளைத் துணியில் விழுந்துவிடும். அந்த பீஸ் டேமேஜ். சாயங்காலம் டேமேஜ் கணக்கில் அவர் பெயர்தான் முதலில் நிற்கும். சூப்பர்வைசர் பையன் எல்லாரும் கேட்க, "என்னக்கா, மழையில நனைஞ்சுட்டு வந்தீங்களா?" என்பான். அவனுக்கு அது வெறும் கேலி. அவரோ ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் யாரோடும் உட்காரவில்லை.

அதற்கு நாங்கள் செய்தது அந்த வரிசைக்கு டேபிளுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், இரண்டு சின்ன ஃபேன். காற்று துணியில் படாது, ஆள் மேல் படும். அந்த அக்காவுக்கு என்று சொல்லிப் போடவில்லை, வரிசைக்கே போட்டோம். வெள்ளைத் துணி வருகிற நாளில் கையுறையும் துண்டும் எல்லாருக்கும் கொடுத்தோம். டேமேஜ் குறைந்ததைப் பார்த்த முதலாளியே அடுத்த வரிசைக்கும் வாங்கிப் போடச் சொன்னார். உங்களுக்கு முதலாளியிடம் பேச வாதம் வேண்டுமென்றால் கருணையைச் சொல்லாதீர்கள், டேமேஜ் கணக்கை எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. உங்கள் கம்பெனியில் மேலே போடும் கோட் பாலியெஸ்டரா என்று பாருங்கள். காட்டன் பனியன் தைத்து ஏற்றுமதி செய்கிற ஊரில் நம் ஆட்களுக்குப் பாலியெஸ்டர் கோட் மாட்டிவிடுகிறோம்! அயர்னிங் டேபிளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கும் பேக்கிங் ஆட்களைப் பத்தடி தள்ளி வைக்க முடியுமா என்றும் பாருங்கள். குடிதண்ணீர் லைனுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 250 பேருக்கு மேல் இருந்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. இது புதுச் சலுகை ஒன்றும் இல்லை.

கழிவறைக்கு வருகிறேன். 25 பெண்களுக்கு ஒன்று என்பது பழைய விதி. உங்கள் 180 பேருக்கு எட்டு வேண்டும். எட்டு இருக்கிறதா, அதில் எத்தனைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எத்தனையில் தண்ணீர் வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு டோக்கன் முறை. லைனுக்கு ஒரு டோக்கன், ஒருத்தி போய் வந்தால்தான் அடுத்தவள் போகலாம், பத்து நிமிடம் தாண்டினால் பெயர் எழுது. நிற்கப்போகிற வயதில் ரத்தப்போக்கு எப்போது, எவ்வளவு என்று யாராலும் கணிக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைகிற நாளும் உண்டு. இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிற தொந்தரவும் இந்த வயதில்தான் கூடுகிறது. டோக்கனுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பு வந்து படுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்கள் அதிகமாக இருக்கிற லைனிலாவது டோக்கனை எடுத்துவிடுங்கள். உள்ளே நாப்கின், மூடி போட்ட குப்பைத் தொட்டி, ஒரு கொக்கி (பையை மாட்டுவதற்கு, தரையில் வைக்க முடியாது அல்லவா), ஒரு கண்ணாடி. கண்ணாடி எதற்கு என்று ஒரு மேனேஜர் என்னைக் கேட்டார். பின்பக்கம் கறை பட்டிருக்கிறதா என்று பார்க்க என்று சொன்னேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

ஸ்டூல் விஷயமும் இதோடு சேர்ந்தது. நின்றுகொண்டு வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்பது தொழிற்சாலைச் சட்டத்தில் அப்போதே உண்டு. கடை ஊழியர்களுக்கும் 2021இல் தமிழ்நாடு அரசு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. நாங்களும் வாங்கிப் போட்டோம், வெளிர்நீல பிளாஸ்டிக் ஸ்டூல். சில அக்காக்கள் மட்டும் உட்காரவே இல்லை. கால் வலிக்கவில்லையா என்றால் "பரவாயில்லீங்க" என்பார்கள். கறை பட்டுவிடும் என்ற பயம் என்று எனக்கே பிறகுதான் உறைத்தது. அடர் மெரூன் நிறத்தில், கழற்றித் துவைக்கிற மாதிரி உறை தைத்துப் போட்டோம். வேஸ்ட் துணிதான், செலவே இல்லை. அதன் பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

தூக்கத்தை மறந்துவிடாதீர்கள். ராத்திரி இரண்டு மூன்று தடவை வியர்த்து நனைந்து எழுந்து, ஜாக்கெட் மாற்றிப் படுத்து, அஞ்சு மணிக்குச் சோறாக்கி, ஆறரைக்குக் கம்பெனி வேனைப் பிடித்து வருகிறவர்கள் இவர்கள். அவர்களை வாரத்துக்கு நாலு நாள் ஒன்றரை ஷிஃப்ட் நிற்கச் சொன்னால் மூன்றாவது நாள் எண்ணிக்கை தப்பும். கன்டெய்னர் போகிற வாரத்தில் உங்களுக்கும் வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூடுதல் அரை ஷிஃப்டுக்கு நிற்க முடியாது என்கிறவரிடம் காரணம் கேட்காமல் விடலாம். அடுத்த மாதம் அதை மனதில் வைத்து லைன் மாற்றாமல் இருக்கலாம். எண்ணிக்கை தப்புகிற அந்த மறதியும் வயதுக் கோளாறு என்று ஒதுக்கிவிடுகிற விஷயம் இல்லை. தூக்கமின்மையும் ஹார்மோனும் சேர்ந்து வார்த்தை, எண் எல்லாம் நழுவும். பண்டலுக்கு நம்பர் சீட்டு, எண்ணி முடித்ததும் எழுதுகிற ஒரு சின்ன சிலேட்டு, தினமும் ஆளை இடம் மாற்றாமல் ஒரே டேபிள். இது போதும்.

சூப்பர்வைசர்களுக்குப் பெரிய பயிற்சி வகுப்பெல்லாம் தேவையில்லை. யாரிடமும் "மெனோபாஸா?" என்று கேட்கக்கூடாது, எல்லாரும் கேட்க யாருடைய உடம்பைப் பற்றியும் பேசக்கூடாது, அழுகிறவரை ஆபீஸ் ரூமுக்கு இழுத்துக்கொண்டு வரக்கூடாது. "உடம்புக்கு முடியலையாக்கா? கொஞ்சம் உட்கார்ந்துட்டு வாங்க, லைனை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லத் தெரிந்தால் போதும். இதைச் சொல்வதற்கும் டார்கெட்டுக்கும் சண்டை வரும் என்பதால், மணிக்கணக்கு டார்கெட்டில் ஒரு ஆள் பத்து நிமிடம் எழுந்து போவதற்கு இடம் வைத்துக் கொடுப்பது உங்கள் வேலை. அதைச் செய்யாமல் சூப்பர்வைசரை மட்டும் திட்டினால் அவன் திரும்ப அக்காவைத்தான் திட்டுவான். நாற்பது தாண்டியவர்கள், மெனோபாஸ் உள்ளவர்கள் என்றெல்லாம் பட்டியல் தயாரிக்கவே தயாரிக்காதீர்கள். ஆள் குறைக்கிற நாளில் அந்தப் பட்டியல்தான் கான்ட்ராக்டர் கையில் இருக்கும்.

லீவு. இந்தியாவில் மெனோபாஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. பீகார் 1992லிருந்தே அரசு ஊழியப் பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் மாதவிடாய் விடுப்பு கொடுக்கிறது. கர்நாடகம் 2025 நவம்பரில் தனியாரையும் சேர்த்து 18 முதல் 52 வயது வரை மாதம் ஒரு நாள் என்று ஆணை போட்டது. நின்றும் நிற்காமலும் இருக்கிற வயதில் அது உதவும். முழுதாக நின்றவருக்குப் பெயரளவில்கூடப் பொருந்தாது. பிரிட்டனில் மெனோபாஸ் லீவைச் சோதனையாக நடத்திப் பார்க்கலாம் என்று நாடாளுமன்றக் குழு சொன்னதை 2023இல் அந்த அரசே வேண்டாம் என்றது. ஆனால் 2024இல் அங்கே உள்ள சமத்துவ ஆணையம், தொந்தரவு கடுமையாகவும் நீண்டதாகவும் இருந்தால் அது சட்டப்படி உடற்குறையாகக் கருதப்படலாம், வேலையிடத்தில் மாற்றம் செய்து தர வேண்டி வரும் என்று முதலாளிகளை எச்சரித்தது. நாம் அங்கே போக இன்னும் நாள் ஆகும்.

மெனோபாஸ் லீவு என்று பெயர் வைத்தால் நம் கம்பெனியில் ஒருவரும் எடுக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. "உடம்பு லீவு" என்று ஆண் பெண் எல்லாருக்கும் மாதம் ஒரு நாள், காரணம் எழுத வேண்டாம் என்று வையுங்கள். அதைவிட முக்கியம் வருகைப் போனஸ். ஒரு நாள் வராவிட்டால் மாதத்துப் போனஸே போய்விடும் என்றால், ரத்தம் கொட்டுகிற நாளிலும் வந்து நிற்பார்கள். மாதம் இரண்டு நாள் வரை போனஸைத் தொடாதீர்கள். இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு. ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடைக்காது. இந்த வயதுப் பெண்களுக்குத் தேவைப்படுவதே பெரும்பாலும் அந்த இரண்டு நாள்தான். அந்த ஓட்டையைக் கம்பெனிதான் அடைக்க வேண்டும்.

மருத்துவத்தில் நான் டாக்டர் இல்லை. எப்போது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் அந்த வாரமே போக வேண்டும், கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். அதிக ரத்தப்போக்கு இருந்தால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ரத்தசோகையில் இருக்கிறார்கள். படபடப்பும் வியர்வையும் தைராய்டாலும் வரும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மனம் ரொம்பத் தாழ்ந்து போனால் 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இந்தத் தொந்தரவுக்கு டாக்டர்கள் கொடுக்கிற ஹார்மோன் மாத்திரை என்றால் புற்றுநோய் என்ற பயம் 2002இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63 என்பதை யாரும் சொல்வதில்லை. அறுபதுக்குள், நின்று பத்து வருடத்துக்குள் இருக்கிறவர்களில் பலருக்கு ஆபத்தைவிடப் பலன் அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது. அது டாக்டர் முடிவு. நம் வேலை, "வயசானா அப்படித்தான்" என்று ஒரு டாக்டர் அனுப்பிவிட்டால் இன்னொருவரைப் பார்க்க அரை நாள் கொடுப்பது.

இதில் எனக்கு ஒரு பெரிய பயம் உண்டு. லைனில் "கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதி" என்ற பேச்சு சர்வசாதாரணம். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டக் கரும்பு வெட்டும் பெண்களில் 13,000 பேருக்கு மேல் கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள் என்று 2019இல் அரசு எடுத்த கணக்கில் தெரிந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ஆள் கணக்கு, ஒரு நாள் வராவிட்டால் அபராதம். மாதவிலக்கே இல்லாவிட்டால் நாள் போகாது என்று முப்பதுகளிலேயே அறுவைக்குப் படுத்தவர்கள் அவர்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் மெனோபாஸ் மெதுவாக வராது, ஒரே நாளில் வந்து நிற்கும். எலும்பும் அதோடு தேயத் தொடங்கும். தேவைப்படுகிற நேரத்தில் அறுவை செய்துதான் ஆக வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வருகைப் போனஸுக்காக ஒரு பெண் வயிற்றைக் கிழித்துக்கொள்ளக் கூடாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, நாற்பது தாண்டிய தொழிலாளருக்கு வருடம் ஒருமுறை இலவச உடல் பரிசோதனை செய்ய வேண்டும். இதைவிட நல்ல வாய்ப்பு உங்களுக்கு வராது. ஆண்களுக்கும் சேர்த்தே "நாற்பது வயதுப் பரிசோதனை" என்று நடத்துங்கள். சர்க்கரை, பிரஷர், ஹீமோகுளோபின், தைராய்டு. பெண்கள் பகுதியில் பெண் டாக்டர், திரை, தனி அறை. முடிவு அவரவர் கையில் மட்டும், உங்கள் மேஜைக்கு வரக்கூடாது. டாக்டரே தலை நிமிராமல், மற்ற கேள்விகளோடு சேர்த்து, "தூரம் எப்படிம்மா வருது, ராத்திரி தூக்கம் எப்படி?" என்று கேட்டுவிட்டால் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு கூட்டம் போட்டால் ஆள் வரும். அந்தக் கூட்டத்துக்கும் பவர் டேபிளில் தைக்கிற ஆண்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு அக்கா இருப்பார்.

கடைசியாக, அழுதுகொண்டே போன அந்தச் செக்கிங் அக்கா. நீங்கள் ஃபோன் செய்யாதீர்கள், சூப்பர்வைசரையும் பேச விடாதீர்கள். அவர் வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கைமடி அக்கா (டெய்லருக்கு உதவியாக நிற்பவர்) யாராவது இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். போன மாத வருகைப் போனஸைப் பிடித்திருந்தால் அதைக் கவரில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள், டேபிளுக்குக் கீழே ஃபேன் போட்டாயிற்று என்றும் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஃபேனைப் போட்டுவிடுங்கள்.